அன்னம் ஏன் திரும்பிப் பார்க்கிறது

மேடை அலங்காரம் செய்து பிழைத்தவன் நான். ஆனால் ஒரு மேடையிலும் ஏறியதில்லை. கடையைக் கோமதியிடமும் ஸ்டெல்லாவிடமும் ஒப்படைத்த அன்று, கும்மிடிப்பூண்டியில் ஒரு சின்ன மண்டபம் பிடித்து எனக்கு மாலை போட ஏற்பாடு செய்திருந்தார்கள். இரண்டு பேரும் என்னிடம் பல வருஷம் வேலை பார்த்தவர்கள். இப்போது அவர்கள்தான் முதலாளிகள். "ரவி அண்ணன் சில வார்த்தைகள் பேசுவார்" என்று மைக்கில் சொன்னதும் நான் மேடைக்குப் பின்புறம் போய், நன்றாகக் கட்டியிருந்த ஒரு கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்ட ஆரம்பித்தேன்.

ஸ்டெல்லா தேடிக்கொண்டு வந்துவிட்டாள். "இன்னாண்ணா இது, உங்களுக்குப் போட்ட மேடைக்கு நீங்களே கயிறு கட்டிக்கினு கீறீங்க?"

"லூசா இருந்துச்சும்மா."

"பொய் சொல்லாதீங்க. சரி, பேச வேணாம். எழுதியாவது குடுங்க. புதுசா வேலைக்கு வர்ற பொண்ணுங்கல்லாம் நம்ம ஆயுத பூஜ அன்னம் ஏன் திரும்பிப் பாக்குதுன்னு கேக்குதுங்க. நான் ஒன்னு சொல்றேன், கோமதி ஒன்னு சொல்றா."

எழுதுவது பரவாயில்லை. எழுதும்போது எதிரில் யாரும் உட்கார்ந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பதால் மெதுவாகத்தான் வரும். ஆனால் நிதானமாகச் செய்கிற வேலை எனக்குப் பழக்கம்தான்.

ரோலிங் மில்லில் ஹெல்பராக இருந்தேன். சிவக்கக் காய்ந்த கம்பி பாம்பு மாதிரி ஓடிவரும். இடுக்கியால் பிடித்துத் திருப்பிவிட வேண்டும். வீட்டுக்கு வந்தால் குளித்தாலும் உடம்பு சூடு தணியாது. எங்கள் மில்லுக்கு எதிரே இருந்த கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து மெஷின் வரும்போதெல்லாம், அதைச் சுற்றிவந்த தெர்மாகோலை வாசலில் மலைபோல் கொட்டுவார்கள். வெள்ளையாக, லேசாக, தொட்டால் குளுமையாக இருக்கும். நாள் முழுக்க இரும்போடு கிடந்தவனுக்கு அதைக் கையில் எடுத்தாலே ஒரு சந்தோஷம். ஷேவிங் பிளேடால் யானை, கிளி, மாட்டுத்தலை என்று செதுக்கி ஜன்னலில் வைப்பேன். என் மனைவி செல்வி பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கீது மாமா, ஆனா ஊடு ஃபுல்லா மணிமணியா பறக்குது, சோத்துல விழுது" என்பாள்.

செல்வி என் மாமா மகள். நான் பேசாததை எல்லாம் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

பொன்னேரியில் மாணிக்கம் அண்ணன் என்று ஒரு பந்தல் அலங்காரக்காரர் இருந்தார். மில்லை விட்டுவிட்டு அவரிடம் கொஞ்ச காலம் இருந்தேன். கையைப் பிடித்து அவர் எதுவும் சொல்லித் தந்ததில்லை. வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு எதிரே ரோட்டில் ஒரு தடவை போய்வருவார். திரும்பி வந்து "தெரியுது" என்பார், அல்லது "தெரியல" என்பார். அவ்வளவுதான் பாடம். சைக்கிளில் போகிறவன் கண்ணுக்கு ஒரு நொடியில் தெரிய வேண்டும், அதற்கு மேல் செய்கிற நுணுக்கம் எல்லாம் நமக்காகத்தான் என்பது அவரிடமிருந்து நானாகப் புரிந்துகொண்டது.

பிறகு தனியாக ஆரம்பித்தேன். முதல் கல்யாண ஆர்டரில், பளபளப்பாக இருக்கட்டும் என்று மணப்பெண் பெயருக்கு மட்டும் வண்டிக்கு அடிக்கிற ஸ்ப்ரே பெயின்ட் அடித்தேன். அந்த பெயின்ட் தெர்மாகோலைத் தின்றுவிடும் என்று எனக்குத் தெரியாது. என் கண் முன்னாலேயே பெயர் உள்வாங்கிக் குழியாகப் போனது. பெண்ணின் அம்மா வந்து, "மாப்ள பேரு கீது, எங்க பொண்ணு பேரு எங்கய்யா?" என்று கேட்டார்.  செல்விதான் சமாளித்தாள். "அத்தை, பொண்ணு பேருக்குப் பூ வெக்கறோம், அதுக்குத்தான் பள்ளம் எட்துக்கீது" என்று சொல்லி, உட்கார்ந்து சாமந்தி இதழை அந்தக் குழியில் நிரப்பினாள். மாப்பிள்ளை பெயர் வெறும் தெர்மாகோல், பெண் பெயர் மஞ்சள் பூ. பெண் வீட்டாருக்கு ஒரே பெருமை. மாப்பிள்ளை வீட்டார்தான் கொஞ்சம் முறைத்தார்கள்.

வேலை தெரியும், ஆனால் கேட்டு வாங்கத் தெரியாது. சிப்காட் தொழிற்பேட்டைக்குள் கம்பெனி கம்பெனியாகப் போவேன். கேட்டில் செக்யூரிட்டி "யாரப் பாக்கணும்?" என்றதும், "சும்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன். இப்படியே ஒரு வருஷம் போனது. கல்யாண மாதம் என்றால் வேலை இருக்கும், மற்ற மாதம் பட்டினி இல்லை, ஆனால் பேஜார். ஆவணி மாதம் செல்வி ஒரு முடிவு சொன்னாள்.

"இந்த ஆயுத பூஜ வரிக்கும் பாரு மாமா. ஒரு கம்பெனியாவது உன்ன நம்பி வருசா வருசம் வேல குடுக்கணும். இல்லன்னா பூஜ முடிஞ்சதும் மில்லுக்கே போய்டு. பேசிட்டு வந்துக்கீறேன். சேத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. மில்லில் போய்ப் பேசியும் வந்துவிட்டாள். அந்தச் சூடு ஞாபகம் வந்தது.

அப்போதுதான் தணிகாசலம் சார் வந்தார். பல்சக்கரம் செய்கிற ஒரு கம்பெனியில் மெஷின் ஷாப் ஃபோர்மேன். பொதட்டூர்பேட்டைக்காரர். ஏதோ கல்யாணத்தில் என் வேலையைப் பார்த்துவிட்டு வீடு தேடி வந்திருந்தார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. சட்டைப் பையில் எப்போதும் மெஷின் துடைக்கிற பஞ்சுக் கழிவு கொஞ்சம் இருக்கும். பேசுவதற்கு முன்னால் அதை எடுத்து, கையில் கிரீஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு விரலாகத் துடைப்பார். நாம் எதைச் சொன்னாலும் "அப்படியா" என்பார். பிறகு சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருப்பதைத் தாங்க முடியாமல் எதிரில் நிற்கிறவன் மிச்ச உண்மையையும் சொல்லிவிடுவான். நான் அவரைப்போல் சும்மா இருக்கக் கூடியவன் என்பதால் முதல் நாள் எங்கள் வீட்டில் இரண்டு பேரும் ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். செல்வி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "யாராவது ஒருத்தர் ஆரம்பிங்க" என்றாள்.

"அன்னம் பண்ண முடியுமா?" என்றார். "ஆள் உயரம். சரஸ்வதி படத்துக்குப் பக்கத்துல நிக்கணும். வாசலப் பாத்து."

தலையாட்டினேன்.

"வாயால சொல்லு."

"முடியும் சார்."

"அப்படியா." விரல்களைத் துடைத்தார். "எங்க மொதலாளிக்குப் பூ தோரணமே போதும்னு எண்ணம். நான்தான் இந்த வருசம் ஒரு தடவ பாக்கலாம்னு சொல்லிக்கீறேன். அவருக்குப் புடிச்சிதுன்னா அடுத்த வருசத்துலேர்ந்து எல்லா செக்‌ஷனுக்கும் நீதான். புடிக்கலன்னா பூவுதான்."

இப்போது தெரிந்திருக்கும், அந்த அன்னம் எனக்கு என்ன என்று. அது நின்றால் நான் நிற்பேன். இல்லாவிட்டால் மறுபடி மில் இடுக்கிதான்.

புதிதாக வருகிறவர்களுக்காக வேலை முறையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பழைய செய்தித்தாள்களை ஒட்டித் தரையில் விரித்து, முழு அளவில் அன்னத்தை வரைந்துகொள்வேன். தெர்மாகோல் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கட்டையாக்கி, அதன்மேல் தாளைக் குண்டூசியால் குத்துவேன். வில் மாதிரி வளைத்த மூங்கிலின் இரண்டு முனைக்கும் நடுவே மெல்லிய கம்பி கட்டி, அதற்குக் கரண்ட் கொடுத்தால் கம்பி சூடாகும். அதை மெதுவாக இழுத்தால் வெண்ணெயில் போகிற மாதிரிப் போகும். அவசரப்பட்டால் கோடு அலையும், தயங்கி நின்றால் அந்த இடத்தில் குழி விழும். அன்னத்தின் கழுத்துதான் கஷ்டம். நீட்டமாகப் போய் வளைய வேண்டும், ஆனால் தலையின் பாரத்தைத் தாங்கவும் வேண்டும். உள்ளே மூங்கில் குச்சி வைப்பேன். கடைசியில் உப்புத்தாள், அதற்கு மேல் தண்ணீரில் கலக்கிற வெள்ளைப் பெயின்ட். ஸ்ப்ரே கிடையாது. அந்தப் பாடம் எனக்கு மறக்காது.

பூஜைக்கு முந்தின நாள் மாலை டாட்டா ஏஸில் ஏற்றிக் கொண்டுபோய் மெஷின் ஷாப்பில் நிறுத்தினேன். வாசலைப் பார்த்துக் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு அன்னம் நின்றது. நான் ஒரு தொழிலாளியின் சைக்கிளை வாங்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே ரோட்டில் ஒரு தடவை போய்வந்தேன். தெரிந்தது.

வீட்டுக்கு வந்தால் செல்வி என் ஆயுதங்களை எல்லாம் பூஜை அலமாரிக்குக் கீழே பலகையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கம்பி வில், கத்தி, கத்தரிக்கோல், பிரஷ், குண்டூசி டப்பா. அவளுடைய அரிவாள்மணை, தேங்காய்த் துருவி, தையல் மெஷின். "காய் எல்லாம் இப்பவே நறுக்கிட்டேன். நாளைக்கு ஒன்னும் தொடக் கூடாது" என்றாள். ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தாள். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் நாஷ்டா சாப்பிட்டுவிட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, வெறுங்கையோடு கம்பெனிக்குப் போனேன். முதலாளி சென்னையிலிருந்து வருவதற்கு நேரம் இருந்தது. அதற்குள் எல்லாம் தயாராகிவிட்டது. லேத், டிரில்லிங் மெஷின் எல்லாம் துடைத்து மாலை போட்டிருந்தார்கள். சுவரோரம் நீளமாகப் படி கட்டி, அதன்மேல் அந்த ஷாப்பில் இருந்த அத்தனை கருவிகளையும் அடுக்கியிருந்தார்கள். ஸ்பேனர், சுத்தி, அரம், இரும்பு அறுக்கிற ஹாக்ஸா, அளக்கிற கருவிகள். எல்லாவற்றுக்கும் பொட்டு. தணிகாசலம் சார் தன் பேனாவையும் வைத்திருந்தார். அதற்குப் பக்கத்தில் அவருடைய மூக்குக்கண்ணாடி, அதற்கும் இரண்டு கண்ணாடியிலும் படாமல் நடுவில் ஒரு பொட்டு.

"சார், கண்ணாடி கூடவா?" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர்.

"அது இல்லாம நான் ஒரு நாளாவது வேல செஞ்சிருக்கேனா? அதுவும் ஆயுதம்தான்" என்றார். கண்ணாடி இல்லாததால், செல்போன் அடித்தால் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருக்கிறவனிடம் நீட்டி, "யாருன்னு பாரு" என்பார்.

திருஷ்டிப் பூசணிக்காயை வருஷா வருஷம் தூக்கி வருவது ஜோசப் அண்ணன்தான். சோழவரத்துக்காரர், கிறிஸ்தவர், அந்தக் கம்பெனியிலேயே பலசாலி. பூஜை முடிந்து வாசலில் உடைப்பதும் அவர்தான். அன்றைக்குப் பெரிய பூசணிக்காயைத் தோளில் வைத்துக்கொண்டு, "வழி, வழி, சாமி வருது" என்று விளையாட்டாகச் சொல்லிக்கொண்டே வந்தார். துடைத்த தரையில் எண்ணெய் மிச்சம் இருந்திருக்கிறது. கால் வழுக்கியது. அவர் விழவில்லை. தோளிலிருந்து பூசணிக்காய்தான் போனது.

அன்னத்தின் கழுத்தில் விழுந்தது.

பெரிய சத்தம் இல்லை. தெர்மாகோல் உடைந்தால் லேசாகக் கிறீச்சென்பதோடு சரி. தலை ஒரு பக்கம் போனது, கழுத்தின் நடுப்பகுதி உள்ளிருந்த மூங்கிலோடு ஒடிந்து நசுங்கி மணிமணியாகக் கொட்டியது. ஒரு இறக்கையின் ஓரமும் பிய்ந்தது. பூசணிக்காய் உருண்டுபோய் லேத்தின் காலில் முட்டி நின்றது. அதற்கு ஒரு கீறல் கூட இல்லை.

 லேத் ஓட்டுகிற டர்னர் ஏழுமலைதான் முதலில் வாயைத் திறந்தார். "திருஷ்டி கழிஞ்சிருச்சி."

"வாய மூட்றா" என்றார் ஜோசப் அண்ணன். முகம் வெளுத்துப்போயிருந்தது. "ரவி, நைனா, நான் வேணும்னு பண்ணல."

நான் கீழே உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்கினேன். எனக்கு அழுகை வரவில்லை. மில்லின் ஞாபகம்தான் வந்தது. ஆனால் கை தானாகவே பார்க்க ஆரம்பித்தது. நசுங்கியதை வெட்டி எடுத்துவிட்டு, மேல் பகுதியைச் சீவிப் பொருத்தினால் ஒட்டலாம். ஒரு கத்தி போதும். கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் ஹாக்ஸா பிளேடே இருந்தது. பொட்டோடு.

ஏழுமலை காதருகே வந்து, "அண்ணா, எட்துக்குங்க. யாரும் பாக்கல" என்றார். ஷாப் முழுக்க எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

தணிகாசலம் சார் விரல்களைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"சார்," என்றார் ஏழுமலை, "இன்னும் கற்பூரம் காட்டலையே. பூஜையே நடக்கல. இப்ப எட்தா இன்னா தப்பு?"

"பொட்டு வெச்சாச்சு" என்றார்.

"அர்ஜென்ட்டு சார்."

"அப்படியா." அவ்வளவுதான். ஏழுமலை பின்வாங்கினார்.

"ஏசு சாமியோட அப்பாவே ஒரு நாள் வேல செய்யாம ஓய்வு எட்துக்கினாரு, நமக்கு இன்னா" என்றார் ஜோசப் அண்ணன். "ஆனா இரும்ப நெருப்பால அறுக்கற என் கட்டிங் டார்ச்சும் அங்கதான் கீது, நானும் தொட மாட்டேன். இருங்க, கடைல ஒரு பிளேடு வாங்கினு வர்றேன்." பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தார்.

நான் செல்விக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொல்லி, கத்தி வேண்டும் என்றேன்.

"கத்திய எட்துனு வரணுமா? நான் மாட்டேன்" என்றாள் உடனே. பிறகு குரலைத் தாழ்த்தி, "மாமா, எனக்கு மட்டும் ஆச இல்லையா, நீ மில்லுக்குப் போகக் கூடாதுன்னு? ஆனா பொட்டு வெச்சத எட்து, அந்தக் கத்தியால செஞ்ச வேல நமக்கு நிக்குமா சொல்லு. உனக்குக் கை கீது இல்ல? யோசி" என்று வைத்துவிட்டாள்.

ஜோசப் அண்ணன் வெறுங்கையோடு திரும்பினார். "பஜார் ஃபுல்லா இதே கததான். மளிகைக் கடைக்காரன் தராசுக்குப் பொட்டு வெச்சிட்டு உக்காந்துக்கீறான், ஒன்னும் விக்க மாட்டேன்றான். டீக்கடைல வடிகட்டியக் கூட சாமிக்கு வெச்சிட்டாங்க. எனக்கு டீயும் கெடைக்கல."

"பிளேடு வாங்கியிருந்தாலும் மொதல்ல இங்கதான் வெக்கணும்" என்றார் தணிகாசலம் சார். "புது ஆயுதமாச்சே."

அந்த நேரத்தில் அவருடைய போன் அடித்தது. நீட்டினார். ஏழுமலை வாங்கிப் பேசிவிட்டு, "மொதலாளி சார். கிளம்பிட்டாராம்" என்றார்.

அப்போது ஒருவர் படங்களுக்கு ஊதுவத்தி காட்டிக்கொண்டிருந்தார். ஒரு கட்டு கொளுத்திக் கையில் வைத்துக்கொண்டு, அன்னத்தைத் தாண்டி சரஸ்வதி படத்துக்குப் போகும்போது, ஒரு வத்தியின் நுனி பிய்ந்த இறக்கையில் பட்டது. "ஐயோ" என்று இழுத்துக்கொண்டார். நான் போய்ப் பார்த்தேன். வட்டமாக, சுத்தமாக ஒரு துளை. ஓரம் லேசாகச் சந்தன நிறத்தில் இருந்தது.

என் கம்பி வில் செய்கிற வேலையும் அதுதான். சூடு.

"ஊதுவத்தி ஆயுதமா சார்?" என்று கேட்டேன். அன்றைக்கு அந்த ஷாப்பில் இருந்தவர்களிடம் நானாகப் பேசிய முதல் வார்த்தை அது.

தணிகாசலம் சார் பஞ்சுக் கழிவால் கட்டைவிரலைத் துடைத்தார். "இல்ல" என்றார். "அது பூஜ சாமான்."

அவ்வளவுதான். அன்னத்தின் உடம்பையும் துண்டுகளையும் ஷெட்டுக்கு வெளியே, காற்று வருகிற இடத்துக்குத் தூக்கிப்போகச் சொன்னேன். சொன்னேன் என்பதே எனக்கு ஆச்சரியம். நாலைந்து ஊதுவத்தியை வாழைநாரால் சேர்த்துக் கட்டிக் கொளுத்தி, நசுங்கிய பகுதியை மெதுவாக இழுத்து அறுத்தேன். கம்பியைவிட நிதானமாகப் போனது, ஆனால் போனது. கோயில் வாசனையும் பிளாஸ்டிக் கருகுகிற நாற்றமும் கலந்து வந்தது. ஜோசப் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, அணையப்போகிற வத்தியை எல்லாம் ஊதி ஊதிக் கொடுத்தார். இருமிக்கொண்டே ஊதினார்.

பசை இல்லை, மூங்கில் சீவக் கத்தி இல்லை. தோரணத்துத் தென்னை ஓலையிலிருந்து ஈர்க்குகளைக் கையால் உருவி, ஒடித்து, ஆணிபோல் குத்திப் பூட்டினோம். வாசலில் கோலம் போட்ட பெண்களிடம் மிச்சம் இருந்த அரிசி மாவைக் கேட்டுவாங்கி, கெட்டியாகக் குழைத்து ஒட்டிய இடத்தில் பூசினேன்.

ஆனால் ஒரு சிக்கல். கழுத்தின் நடுப்பகுதி போய்விட்டதால், மேல் துண்டின் வளைவு கீழ்த்துண்டோடு சேரவில்லை. வாசலைப் பார்த்து வைத்தால் தலை ஒரு பக்கம் சாய்ந்து, கழுத்து சுளுக்கின மாதிரி இருந்தது. இப்படியும் அப்படியும் வைத்துப் பார்த்தேன். கடைசியில் முழுவதுமாகத் திருப்பி வைத்தேன். பொருந்தியது. உள்ளே அதன் இடத்தில் நிறுத்தினால், அன்னம் உடம்பை வாசல் பக்கம் வைத்துக்கொண்டு, தலையைத் திருப்பித் தன் பின்னால் இருக்கிற கருவிகளைப் பார்க்கும். கழுத்தில் கதம்பம் ஒரு சுற்று சுற்றி, ஒட்டை மறைத்தேன்.

இன்னொன்று மிச்சம் இருந்தது. அங்கங்கே வத்தி தவறிப்பட்ட புள்ளிகள். வெள்ளை உடம்பில் அம்மைத் தழும்பு மாதிரி தெரிந்தன. நான் ஒரு வத்தியை எடுத்து, ஒரு புள்ளிக்குப் பக்கத்தில் சின்ன வளைவு இழுத்தேன். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. இறகு மாதிரி இருந்தது. "இப்பிடியே உடம்பு பூரா போட்டா தெரியாது" என்றேன். எல்லோரும் ஆளுக்கொரு வத்தி எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். மைக்ரான் அளவு கூடப் பிசகாமல் வேலை செய்கிற கைகள். ஏழுமலை போட்ட இறகுகள் அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. ஜோசப் அண்ணனுடைய இறகு ஒவ்வொன்றும் மீன் செதில் மாதிரி பெரிதாக வந்தது. தணிகாசலம் சாரும் ஒரு வத்தி வாங்கி, தலையைப் பின்னால் தள்ளிக்கொண்டு, இடது இறக்கையின் மூலையில் என்னவோ போட்டார்.

"சார், தெரியுதா?" என்றார் ஏழுமலை.

"கைக்குத் தெரியுது" என்றார்.

முதலாளியின் கார் கேட்டுக்குள் வந்தபோது நாங்கள் அன்னத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நான் நேராக ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றேன்.

அவர் வந்தார். செருப்பைக் கழற்றினார். அன்னத்துக்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குத் தூணின் குளுமை முதுகில் ஏறியது.

"ஏன் தலை அந்தப் பக்கம் திரும்பியிருக்கு?" என்றார்.

தணிகாசலம் சார் பொய் சொல்லமாட்டார். எனக்கு அது தெரியும். கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆயுதத்தப் பாக்குது சார்" என்றார் அவர்.

அது உண்மைதானே. முதலாளி அன்னத்தின் பார்வை போகிற பக்கம் பார்த்தார். ஸ்பேனர், சுத்தி, அரம், அந்த மூக்குக்கண்ணாடி வரைக்கும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தன் பையிலிருந்த பேனாவை எடுத்து, தானே சந்தனம் தொட்டு வைத்து, மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தார். "இதையும் பார்க்கட்டும்" என்றார். கற்பூரம் காட்டினார்கள். ஜோசப் அண்ணன் பூசணிக்காயை வாசலில் ஓங்கிப் போட்டார். அந்த வருஷம் போல் அது எந்த வருஷமும் சிதறவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

வீட்டுக்குப் போனதும் செல்வி வாசலிலேயே நின்றாள். "இன்னா மாமா?"

"அடுத்த வருசம் எல்லா செக்‌ஷனும்" என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மில்லுக்குப் போன் செய்து, "எங்க ஊட்டுக்காரரு வரமாட்டாருங்க, அவருக்கு வேல கீது" என்று அவள் சொல்வது கேட்டது. அந்தக் குரலில் இருந்த மிடுக்கை எந்த விழாவிலும் எனக்கு யாரும் மாலையாகப் போட முடியாது.

மறுநாள் கருவிகளை எடுத்த பிறகு, தணிகாசலம் சார் கண்ணாடி போட்டுக்கொண்டு அன்னத்தைச் சுற்றிவந்தார். ஈர்க்கு நுனி, மாவு, எல்லாம் பார்த்தார். இடது இறக்கையின் மூலைக்கு வந்ததும் முகம் சுளித்தார்.

"இது யார் போட்டது? கோழி கிண்டுன மாதிரி கீது."

"நீங்கதான் சார்."

"அப்படியா" என்றார். விரல்களைத் துடைக்க ஆரம்பித்தார். "அடுத்த வருசமும் ஊதுவத்தியிலயே போடு. ஆனா என்னக் கூப்பிடாத."

அதற்குப் பிறகு வருஷங்கள் வேகமாகப் போயின. அந்தக் கம்பெனியைப் பார்த்துப் பக்கத்துக் கம்பெனி, பிறகு அதற்குப் பக்கத்தில். எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அன்னம்தான் கேட்டார்கள். வெல்டிங் ஷாப்புக்கும் பிரஸ் ஷாப்புக்கும் யார் அன்னம் நன்றாக இருக்கிறது என்று போட்டி. இவர்களுக்கு என்ன செய்கிறேன் என்று அவர்கள் வந்து டீ வாங்கிக் கொடுத்துக் கேட்பார்கள். நான் டீயைக் குடித்துவிட்டு ஒன்றும் பேசமாட்டேன். "ரவிகிட்ட ரகசியம் தங்கும்" என்று பெயர் வந்தது. எனக்குப் பேச்சு வராது என்பது அவர்களுக்குத் தெரியாது. கோமதியும் ஸ்டெல்லாவும் வந்த பிறகு தெர்மாகோலைக் குறைத்து அட்டை, துணி, கோரைப்புல் என்று மாற்றினார்கள். என் நெஞ்சில் சளி கட்டி இருமல் வந்ததும் என்னைப் பட்டறைக்குள் விடவில்லை. என்னைவிட அழகாகச் செய்கிறார்கள். சைக்கிளில் போய்ப் பார்த்தேன், தெரிகிறது.

இந்த வருஷம் அதே மெஷின் ஷாப்புக்கு விருந்தாளியாகப் போனேன். தணிகாசலம் சார் ரிட்டயர் ஆகி ஊருக்குப் போய்விட்டார். என்னைத் தெரியாத ஒரு இளைஞர், இன்ஜினியர், பக்கத்தில் வந்து மரியாதையாக விளக்கினார். "அன்னம் பாலையும் தண்ணியையும் பிரிக்கும் இல்லையா சார், அதே மாதிரி எது நல்ல வேலை, எது கெட்ட வேலைன்னு கருவிகளைத் திரும்பிப் பாத்துப் பிரிக்குது. இந்தப் பக்கத்துல ரொம்பப் பழைய ஐதீகம் சார் இது."

"அப்படியா" என்றேன். கேட்க நன்றாக இருந்தது. எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது.

மாலையில் வீட்டில் பூஜை. செல்வி அரிவாள்மணை, துருவி, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். என் கருவிகள் எல்லாம் கடையோடு போய்விட்டன. "உன்னுது ஒன்னுமே இல்லாம கீதே மாமா. எத்த வெக்கறது?"

நான் அலமாரியிலிருந்து ஊதுவத்திப் பாக்கெட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இருந்தாலும் பயபக்தியோடு அதற்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, நடுவில் வைத்தாள். விளக்கேற்றினாள். பொரி, வாழைப்பழம் எல்லாம் எடுத்துவைத்தாள். பிறகு வழக்கம்போல் கையை நீட்டினாள்.

"ஊதுவத்தி குடு மாமா, கொளுத்தணும்."

வீட்டில் இருந்தது அந்த ஒரே பாக்கெட். அவள் அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"அதுல ஒன்னு உருவிக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பொட்டு வெச்சாச்சு" என்றேன்.

"அப்ப நீயே போய்க் கேட்டு வாங்கினு வா. நான் போகமாட்டேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். மூலைக் கடையில் தராசுக்குப் பொட்டு வைத்திருந்தது தூரத்திலேயே தெரிந்தது. அங்கே போய்ப் பிரயோஜனமில்லை. எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, வாயைத் திறந்து கேட்டேன்.